ஊர் மாடெல்லாம் நொண்டியபோது

ஸ்பாஃபர்ட் கோடரியை ஓங்கியபோது கெசையா அடுப்புக்குள் கையை நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வெட்டு விழுந்தது. நடுவில் நேராக ஒன்று, அதன் தலையிலிருந்து இரு பக்கமும் சரிந்து இரண்டு. காக்கை மிதித்துவிட்டுப் போன தடம் மாதிரி. நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டால் கோடரியைக் கீழே போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். அது ராஜாவின் அம்புக் குறி. குறி விழுந்த பைன் மரம் அவருடைய போர்க்கப்பலுக்குப் பாய்மரமாகப் போக வேண்டிய மரம்.

ஆனால் இன்று குறி விழுந்தது நிற்கிற மரத்தில் இல்லை. செதுக்கி, துளை போட்டு, முனை சீவி, வீடாக எழும்பத் தயாராகப் புல்லில் கிடந்த தூணில்.

"யோவ்! என்னய்யா பண்றீங்க?"

கெசையா அடுப்பிலிருந்து கையை உருவினாள். முழங்கை வரை சிவந்திருந்தது. நிறைமாதம் நெருங்குகிற வயிறு. அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஸ்பாஃபர்ட்டின் குதிரையே ஒரு அடி பின்னால் வைத்தது.

அவள் அடுப்பும் விசித்திரமான இடத்தில்தான் இருந்தது. தலைக்கு மேல் கூரை கிடையாது, சுற்றிலும் சுவர் கிடையாது. செப்டம்பரில் புகைபோக்கியிலிருந்து தெறித்த ஒரு பொறி வீட்டை மொத்தமாகத் தின்றுவிட்டது. செங்கல் புகைபோக்கியும் அதன் வயிற்றிலிருந்த அடுப்பும் மட்டும் திறந்தவெளியில் தனியாக நின்றன. கெசையாவும் அவள் புருஷன் ஈனாக்கும் வைக்கோல் கொட்டகையில் மாட்டுக்கு மேலே பரணில் படுத்தார்கள். பகலில் அவள் அந்த ஒற்றை அடுப்பில் ரொட்டி சுட்டாள், பீன்ஸ் வேகவைத்தாள். மழை வந்தால் சாக்கைப் போர்த்திக்கொள்வாள்.

இப்போது அக்டோபர் கடைசி. மேப்பிள் இலையெல்லாம் கொட்டிவிட்டது. காற்றில் பனி வாசனை. டிசம்பரில் பிள்ளை பிறக்கும். அதற்குள் கூரை வேண்டும். அதற்காகத்தான் ஊரே சேர்ந்து ஈனாக்கின் சொந்தக் காட்டில் பைன் வெட்டி இழுத்துக் கொடுத்திருந்தோம். நான் ஆசா, பக்கத்து நிலத்துக்காரன். இழுத்த மாடு என்னுடையது.

ஸ்பாஃபர்ட் கத்துகிற ஆள் இல்லை. ராஜாவின் காட்டு அதிகாரிக்கு உதவி அதிகாரி. நீலக் கோட்டு, வெள்ளிப் பொத்தான், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நிதானமான குரல்.

"இங்க பாரும்மா. அடிப்பக்கம் ஓரடிக்கு மேல பருமன் இருக்கிற வெள்ளைப் பைன் எல்லாம் அரசருக்கு. உனக்குத் தெரியாதா?"

"இது எங்க காட்டுல நின்ன மரம்யா."

"காடு உங்களோடது. மரம் அரசரோடது."

"அப்போ இத்தனை வருஷமா என் புருஷன் வேலி கட்டிக் காத்தது ராஜா மரத்தையா? சரி, காவல் கூலி எப்போ வரும்?"

ஸ்பாஃபர்ட்டோடு வந்திருந்த உதவியாள் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினான்.

"அபராதம் கட்டினா மரத்தை நீங்களே எடுத்துக்கலாம்."

"எங்க மரத்தை எங்களுக்கே விக்கிறீங்க. பலே வியாபாரம்."

ஈனாக் கொட்டகையிலிருந்து வந்தான். தீயில் வெந்த இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. நின்று பார்த்தான். ஸ்பாஃபர்ட் அவன் முன்னாலேயே ஒவ்வொரு பெரிய மரமாகப் போய், முனைக்குப் பக்கத்தில் மூன்று மூன்று வெட்டாகப் போட்டுக்கொண்டே போனான். சில்லுகள் பறந்து புல்லில் விழுந்தன. கடைசி உத்திரத்திலும் குறி போட்டுவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"உன் மாடுகளைப் பூட்டு. இதையெல்லாம் ஆற்றங்கரைக்கு இழுக்கணும்."

என் பிரைட்டும் லயனும் வேலிக்கு அந்தப் பக்கம் நாலு காலிலும் திடமாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"நொண்டுதுங்கய்யா," என்றேன்.

"ரெண்டுமா?"

"ஜோடி மாடுங்கய்யா. ஒண்ணு நொண்டினா இன்னொண்ணுக்கு மனசு கேக்குமா?"

ஸ்பாஃபர்ட் குதிரை ஏறினான். வீடு வீடாகப் போனான். போன வாரம்வரை பாறை இழுத்த மாடுகள் அத்தனையும் அந்தக் காலை வேளையில் நொண்டின. ஆராதனைக் கூடத்து டீக்கனின் மாட்டுக்குக் குளம்பில் புண். மாவு மில்காரனின் மாட்டுக்கு இடுப்புப் பிடிப்பு. சாராயக் கடை நடத்தும் விதவை ஹில்ட்ரத்திடம் மாடே கிடையாது. இருந்தும் கேட்டான்.

"எங்கிட்ட மாடு இல்லீங்கய்யா. இருந்திருந்தா அதுவும் நொண்டியிருக்கும்."

சனிக்கிழமை. சூரியன் விழுந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். ஞாயிறு முடிகிறவரை எவனும் சுத்தியலைத் தொடமாட்டான், வண்டி பூட்டமாட்டான். அது ஸ்பாஃபர்ட்டுக்கும் தெரியும். திரும்பிவந்து ஈனாக்கிடம் சொன்னான்:

"நான் பென்ஃபீல்டுக்குப் போறேன். திங்கட்கிழமை அங்கேருந்து மாடு கொண்டுவருவேன். அதுவரைக்கும் குறி போட்ட மரத்துல யாராவது கோடரியோ உளியோ வச்சா நேரா ஜெயில். புரிஞ்சுதா?"

பென்ஃபீல்டிலிருந்து மாடு நடந்துவந்தால் பிற்பகல் ஆகிவிடும். கெசையா அதைத்தான் கணக்குப் போட்டாள் என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. அவன் குதிரை வளைவில் மறைந்ததும் சொன்னாள்:

"கீழ கெடக்குற மரத்தை அவன் சுலபமா இழுத்துட்டுப் போயிடுவான். நிக்கிற வீட்டைப் பிரிக்கணும்னா ஒரு ஊரே வேணும். எந்த ஊரு வரும்? திங்கக்கிழமை விடிஞ்சதும் தூக்கிடுவோம்."

"உங்கண்ணன் வரணுமே," என்றான் ஈனாக்.

"வராம எங்க போவான்?"

சொல்லிவிட்டு, அவள் குனிந்து குனிந்து புல்லில் கிடந்த சில்லுகளையெல்லாம் மடியில் அள்ளினாள். காய்ந்த பைன் சில்லு, நிமிடத்தில் பற்றும். ஓய்வுநாளுக்கு வேண்டிய பீன்ஸ் பானை இன்னும் அடுப்பில் ஏறவில்லை. உப்புப் பன்றிக்கறி, கரும்புப்பாகு எல்லாம் போட்டு மண்பானையை உள்ளே தள்ளி, அடுப்பு வாயை மூடினாள்.

அவள் அண்ணன் எலிஃபலெட் சாயங்காலம் வந்தான். எங்கள் ஊரில் வீட்டுக் கூடு, அதாவது தூணும் உத்திரமும் கோத்த சட்டம், செய்யத் தெரிந்த ஒரே தச்சன் அவன்தான். அவன் கையில் அளவுகோல் இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு மரத்தின் முனையை நாக்குப் போலச் சீவி, அதை நேரே அடுத்த மரத்தின் மேல் படுக்கவைத்து, அந்த நாக்குக்கு என்றே துளை எடுப்பான். ஆகவே ஒவ்வொரு நாக்குக்கும் ஒரே ஒரு துளைதான். வேறெதிலும் போகாது. எது எதற்கு ஜோடி என்று இரண்டு முனையிலும் உளியால் ஒரே மாதிரிக் கீறல் போட்டு வைப்பான்.

வந்தவன் முகம் வெளுத்திருந்தது. பாய்மரங்களை ஆற்றுக்கு இழுக்கிற ஒப்பந்தமும் அவனிடம்தான். ராஜாவின் வேலை, அவன் வீட்டில் குளிர்காலக் கஞ்சி கொதிப்பது அதில்தான். ஸ்பாஃபர்ட் போகிற வழியில் அவனைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

"என்ன சொன்னாரு?" என்றாள் கெசையா.

"ஒண்ணும் சொல்லலை. 'உன் தங்கச்சி வீட்டு மரமாமே'ன்னாரு. 'நீ புத்திசாலி'ன்னாரு. அவ்ளோதான்."

எலிஃபலெட் ஒரு தூணின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முனையைத் தடவினான். அடுத்த மரத்துக்குப் போனான். அடுத்தது. பிறகு எழுந்து நின்றான்.

"என் கீறலு எங்கடி?"

அம்புக் குறி விழுந்த இடமெல்லாம் அவன் உளிக் கீறல் இருந்த இடம். கோடரி அதைச் சீவி எடுத்துவிட்டது.

"சில்லு எங்க? சில்லுல இருக்குமே. எடு, ஒட்டிப் பாத்துக்கலாம்."

நானும் ஈனாக்கும் மெதுவாகத் திரும்பிப் புகைபோக்கியைப் பார்த்தோம். உச்சியில் நீலப் புகை ஒரு நூலாக ஏறிக்கொண்டிருந்தது. பீன்ஸ் வாசனை பிரமாதமாக வந்தது.

"எரிச்சிட்டியா?"

"கீழ கெடந்துச்சு. வீணாப் போகுதேன்னு..."

"வீணாப் போகுதேன்னு! தாயே! ஒரு வீட்டையே அடுப்புல போட்டிருக்கியேடி!"

எலிஃபலெட் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் நான் பார்த்தேன், அவன் தோள் இறங்கியதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. செய்ய முடியாது என்று சொல்ல அவனுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

"அடையாளம் இல்லாம கோக்க முடியாது. அவ்ளோதான், விடு. அபராதத்தைப் பத்தி யோசிங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் ஆராதனைக் கூடத்தில் போதகர் காலை முழுக்க அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதைப் பற்றிப் பேசினார். பின்வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார்கள். மதியம் இரண்டு ஆராதனைகளுக்கும் நடுவில் சாப்பாட்டுக்கு வெளியே வந்தோம். கெசையா அந்தப் பானையைத்தான் கொண்டுவந்திருந்தாள். ஊரே அதில் கை வைத்தது.

"எலிஃபலெட் கீறலுக்கு நல்ல ருசிடா," என்றாள் ஹில்ட்ரத் அம்மா, ரொட்டியால் தட்டை வழித்தபடி.

எலிஃபலெட் தட்டை வாங்காமல் சுவரோரம் நின்றான்.

மாவு மில்காரன் குரலைத் தாழ்த்தினான். "நான் ஒண்ணு சொல்லவா? அந்த ஆளு வர்றப்போ குதிரையோட காதை அறுத்துட்டு, ஆளுக்குத் தாரு பூசி அனுப்பிடலாம்."

"எனக்கு அவன் தோலு வேண்டாம்," என்றாள் கெசையா. "கூரை வேணும்."

டீக்கன் பெருமூச்சு விட்டார். "இதெல்லாம் எதுக்கும்மா? நம்ம எல்லாரும் என்ன பண்ணோம்? ராஜா மரத்துல அறுத்த அகலப் பலகைய மச்சுல போட்டோம், குறுகலைக் கீழ போட்டோம். அதிகாரி வந்தா கீழதான் பாப்பான். வாயை மூடிட்டு இருந்தோம், வண்டி ஓடுச்சு."

அது உண்மைதான். எங்கள் ஊரில் ராஜாவின் பலகை இல்லாத மச்சே கிடையாது. போதகர் வீட்டு மச்சில் இருப்பதை அறுத்துக் கொடுத்தவனே நான்தான்.

"எனக்கு மச்சு இல்லையே, டீக்கன்," என்றாள் கெசையா. "எங்க ஒளிக்க?"

பிறகு நேராகச் சுவரோரம் போனாள். எங்கள் எல்லாருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் பேசினாள்.

"அண்ணே, நாளைக்கு வர்றியா இல்லையா?"

"அடையாளம் இல்லைன்னு சொல்றேன்ல."

"அடையாளம் இல்லைன்னா உனக்குத் தெரியாதா? நீ செஞ்சதுதானே?"

"கெசையா, புரிஞ்சுக்கோ. நம்ம ஊரு ஜோயலை மறந்துட்டியா? ராஜா மரத்துல ஒரு கொட்டகை தூக்கினதுக்கு போர்ட்ஸ்மத் ஜெயில்ல போட்டான். வசந்தத்துல வந்தான், இருமிட்டே வந்தான். அப்புறம் எத்தனை நாள் இருந்தான்? எனக்கு மூணு புள்ளைங்க. பாய்மர வேலை போச்சுன்னா அதுங்க வாயில மண்ணைத்தான் போடணும்."

"எனக்கும் ஒண்ணு வருது. மாட்டுக்கு மேல பெத்துப் போடவா?"

"எங்க வீட்டுக்கு வந்துடு. நானா வேண்டாங்கிறேன்?"

"உங்க வீட்டுக்கு விருந்துக்கு வர்றேன். என் புள்ள என் வீட்டுலதான் பொறக்கும்."

ஈனாக் நடுவில் வந்தான். "விடு கெசையா. மச்சான் சொல்றதுலயும் நியாயம் இருக்கு."

"நீங்க பேசாம இருங்க மாப்ளே. நீங்க இப்படிப் பேசுறதுலதான் எனக்கு இன்னும் வெக்கமா இருக்கு," என்றான் எலிஃபலெட். மணி அடித்தது. உள்ளே போய்விட்டான்.

கெசையா என் பக்கம் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"ஆசா, நாளைக்கு நாக்கை அடிச்சு இறக்குற கொட்டாப்புளிய நீ எடு."

"நானா? எந்த நாக்கு எந்தத் துளைக்குன்னு எனக்கு என்ன தெரியும்?"

"அதான் உன்னைச் சொல்றேன்."

எனக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது வானம் ஈயத் தகடு மாதிரி இருந்தது. புல்லில் உறைபனி. ஆண்கள் இரும்பு முனை வைத்த நீளக் கழிகளோடு வந்தார்கள். பெண்கள் கூடைகளோடு வந்தார்கள்: பழுப்பு ரொட்டி, பூசணிப் பணியாரம், மூன்று வீட்டுப் பீன்ஸ். ஹில்ட்ரத் அம்மா ஒரு ரம் பீப்பாயைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். வீடு தூக்குகிற நாளில் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. அது எங்கள் பக்கத்து வழக்கம்.

எலிஃபலெட்டும் வந்தான். வேலிக்கு வெளியே நின்றான். இரண்டு கையும் கோட்டுப் பையில்.

"வேடிக்கை பாக்க வந்தியா?" என்று மில்காரன் கேட்டான்.

"பாதை எல்லாருக்கும் பொதுதானே," என்றான் எலிஃபலெட்.

வேலை தொடங்கியது. ஒரு பக்கச் சுவருக்கான தூண்களையும் உத்திரத்தையும் தரையில் பரப்பினோம். நான் ஒரு நாக்கைத் துளையில் வைத்துத் தட்டினேன். போகவில்லை. வேறொன்று. அதுவும் போகவில்லை. வெயில் எங்கே இருக்கிறது என்று மேகத்தில் தேடினேன். பென்ஃபீல்டில் இந்நேரம் மாடு பூட்டியிருப்பார்கள்.

மூன்றாவது கொஞ்சம் போனது, பாதியில் நின்றது.

"ஓங்கி அடி ஆசா," என்றாள் கெசையா, வேலிப் பக்கம் திரும்பாமலேயே. "போகும். நல்லா ஓங்கி அடி."

அடித்தேன். மரம் முனகியது. துளையின் விளிம்பில் ஒரு நார் மேலெழுந்தது. வேலிப் பக்கமிருந்து யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம்.

"இன்னும் ஓங்கி. நாக்கு பெரிசா இருந்தா கோடரியால கொஞ்சம் கொத்தி எடுத்துடு. எங்கண்ணன் என்ன பெரிய வேலை செஞ்சு கிழிச்சுட்டான்."

நான் கோடரியை எடுத்தேன். அவ்வளவுதான்.

"டேய்! கையை எடுடா! கையை எடுடா கசாப்புக்காரா!"

எலிஃபலெட் வேலியைச் சுற்றிவரவில்லை. தாண்டினான். கோட்டு ஒரு முளையில் மாட்டிக் கிழிந்தது. அதைப் பார்க்கக்கூட இல்லை. என் கையிலிருந்து கொட்டாப்புளியைப் பிடுங்கினான்.

"அது வடக்குத் தூணுடா! கண்ணு இருக்கா உனக்கு? இந்தக் கணுவப் பாரு. இந்தக் கணுவுக்காக அந்தத் துளையில ஒரு ஓரம் கூடச் செதுக்கினேன், எனக்கு அரை நாளு போச்சு! அதுல கொண்டுபோய் இதை... தள்ளு! எல்லாரும் தள்ளுங்க! அந்தக் கோணல் உத்திரத்தைத் தூக்கு. அது இல்லடா, அதுக்கு அந்தப் பக்கம். ஆங். இங்க வை."

வைத்தோம். இரண்டு தட்டு. நாக்கு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது.

கெசையா ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். என்னைக் கடக்கும்போது அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் சுவர் எழும்பியது. நாங்கள் தோளுக்குத் தூக்கினோம், பிறகு கழிகளால் உந்தினோம். எலிஃபலெட் கிழிந்த கோட்டோடு முன்னால் நின்று குரல் கொடுத்தான். "எல்லாரும் சேந்து, தூக்கு! இன்னும், தூக்கு! டீக்கன், ஜெபத்தை அப்புறம் வச்சுக்கலாம், தூக்குங்க!" ஈனாக்கால் பிடிக்க முடியாது. முதுகைக் கொடுத்து முட்டினான். தூண்கள் அடிக்கட்டையில் போய் உட்கார்ந்தபோது நிலம் ஒரு தடவை அதிர்ந்தது.

இரண்டாவது சுவர். குறுக்கு உத்திரங்கள். மர ஆணிகள்.

வாசல் தூணை நிறுத்தும்போதுதான் ஒரு சின்னத் தகராறு. அந்தத் தூணில்தான் ஸ்பாஃபர்ட் முதல் குறியைப் போட்டிருந்தான். நல்ல ஆழமான குறி.

"குறி உள்பக்கம் போகட்டும்," என்றான் எலிஃபலெட். "ரெண்டு முகமும் ஒரே அளவுதான். திருப்பி வச்சுடலாம். மேல பலகை அடிச்சா தெரியாது."

"ரோட்டைப் பாக்க வை," என்றாள் கெசையா.

"எதுக்குடி வம்பு?"

"ஒளிக்கிறதுக்கு நாம என்ன திருடினோமா?"

டீக்கன் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவர் என்ன நினைத்தாரோ, கழியை ஊன்றிக்கொண்டு வந்து தூணின் அடியில் கை கொடுத்தார். "ரோட்டைப் பாக்க வைப்பா," என்றார்.

அம்புக் குறி பாதையைப் பார்த்து நின்றது.

முகட்டு உத்திரம் மேலே ஏறி உட்கார்ந்தபோது, வளைவில் நுகத்தடிகளின் சத்தம் கேட்டது.

முன்னால் ஸ்பாஃபர்ட்டின் குதிரை, கூடவே அவன் உதவியாள். பின்னால் பென்ஃபீல்ட் மாடுகள், ஜோடி ஜோடியாக, கொழுத்த மாடுகள். முதல் ஜோடியை ஓட்டிவந்தவன் கேலப் என்று ஒருவன், சந்தையில் பார்த்திருக்கிறேன். நெட்டையன், சிரிக்காதவன்.

ஸ்பாஃபர்ட் குதிரையை நிறுத்தினான். வீட்டைப் பார்த்தான். வாசல் தூணைப் பார்த்தான். அவன் போட்ட குறி அவனையே பார்த்தது.

கெசையா தட்டுகளோடு மாட்டுக்காரர்களிடம் போனாள்.

"தூரத்துலேருந்து நடந்து வந்திருக்கீங்க. சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம். ஐயாவும் ஒரு வாய் சாப்பிடலாமே?"

"வேண்டாம்," என்றான் ஸ்பாஃபர்ட்.

மாட்டுக்காரர்கள் அவனைப் பார்த்தார்கள். தட்டைப் பார்த்தார்கள். தட்டை வாங்கிக்கொண்டார்கள். கேலப் நின்றபடியே தின்றான். மேலே கூட்டைப் பார்த்தான், புகைபோக்கியைப் பார்த்தான், கெசையாவின் வயிற்றைப் பார்த்தான், ஈனாக்கின் கைத்துணியைப் பார்த்தான்.

"பீன்ஸ் நல்லா வெந்திருக்கு. என்ன விறகும்மா?"

"ராஜா விறகு," என்றாள் கெசையா.

ஹில்ட்ரத் அம்மா ரம் குவளையை அவன் கையில் திணித்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை ஸ்பாஃபர்ட் பொறுத்திருந்தான்.

"போதும். மாடுகளைக் கொண்டுவா. சங்கிலியை அந்த மூலைத் தூண்ல போடு. இழுத்தா எல்லாம் கீழ வரும்."

கேலப் குவளையை வைத்தான். வாயைத் துடைத்தான். மெதுவாக நடந்து தன் மாட்டின் பக்கத்தில் போய்க் குனிந்தான். முன்னங்காலைத் தூக்கிக் குளம்பை நெடுநேரம் பார்த்தான்.

"அடடா," என்றான்.

"என்ன?"

"நொண்டுதுங்கய்யா."

பிறகு அடுத்த மாட்டுக்காரன் குனிந்தான். "இதுவும்தாங்க." கடைசி ஆள் குனியக்கூட இல்லை. வாய் நிறைய ரொட்டியோடு தலையை மட்டும் சோகமாக ஆட்டினான்.

அதுவரை அடக்கியிருந்த ஊர் வெடித்துச் சிரித்தது. முகட்டில் உட்கார்ந்திருந்தவன் விழுந்துவிடாமல் உத்திரத்தைக் கட்டிக்கொண்டான்.

ஸ்பாஃபர்ட் குதிரையிலிருந்து இறங்கினான். அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: பயந்த ஆள் இல்லை. தனியாக, அத்தனை கழிகளுக்கும் நடுவில் நடந்துவந்து, வாசல் தூணின் முன் நின்று கோடரியை ஓங்கினான். சிரிப்பு நின்றது. மில்காரனின் கழி முனை தாழ்ந்து அவன் முதுகை நோக்கித் திரும்பியது. கெசையா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"வெட்டுங்கய்யா," என்றாள். "ஆனா ஒண்ணு. குறி போட்ட மரத்துல யார் கோடரி வச்சாலும் நேரா ஜெயில்னு நீங்கதானே சொன்னீங்க? நாங்க இன்னைக்கு அதுல கோடரியும் வைக்கல, உளியும் வைக்கல. தூக்கி நிறுத்தினோம், அவ்ளோதான். இங்க இத்தனை பேரு சாட்சி."

கோடரி மேலேயே நின்றது. ஸ்பாஃபர்ட்டின் காது சிவந்தது. பிறகு மெதுவாக இறக்கினான். அவனுடைய உதவியாள் மறுபடியும் இருமினான். இந்தத் தடவை நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

ஸ்பாஃபர்ட் தலையை நிமிர்த்தி முகட்டைப் பார்த்தான். எலிஃபலெட் அங்கே ஏறிக்கொண்டிருந்தான்.

"எலிஃபலெட்! நீ புத்திசாலின்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன், ஐயா."

"பாய்மர வேலை இன்னையோட போச்சு. தெரியுமில்ல?"

எலிஃபலெட் மேலே ஏறுவதை நிறுத்தி ஒரு குறுக்குமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே அவன் பெண்டாட்டி கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளைத்தான் பார்த்தான். அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏன் பாதியில நிக்கிற?" என்றாள். "காத்து அடிக்குது. ஏறு."

அவன் ஏறினான்.

ஸ்பாஃபர்ட் குதிரையில் உட்கார்ந்தபோது முதல் பனித் துணுக்குகள் விழுந்தன. சின்னச் சின்னதாக, உப்புக் கல் போல. கெசையா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வேலிவரை போனாள்.

"ஐயா! போர்ட்ஸ்மத் போனா ஆளுநர்கிட்ட சொல்லுங்க. வீடு ராஜா மரம். கூரை ஒழுகினா அடைக்கிறதுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக் கூடு முடிந்தால் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். கூடு செய்தவன் முகட்டில் ஏறி, பெயரைச் சொல்லி ரம் புட்டியை உடைப்பான். எப்போதும் 'மலைப் பூ', 'ஊரின் பெருமை' என்று ஏதாவது இனிப்பாகச் சொல்வார்கள். எலிஃபலெட் முகட்டு உத்திரத்தின் மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு, குதிரையில் உட்கார்வது போல உட்கார்ந்தான். கிழிந்த கோட்டு காற்றில் படபடத்தது. புட்டியைத் திறந்து முதலில் ஒரு மடக்கு குடித்தான்.

"சீக்கிரம் சொல்லுண்ணே," என்று கத்தினாள் கெசையா. "பனி கொட்டுது. உனக்குத் தைரியம் ஊற பீப்பா முழுக்கக் குடிக்கணுமா?"

"இருடி!" அவன் பாதையைப் பார்த்தான். நீலக் கோட்டு வளைவை இன்னும் தாண்டவில்லை. கேட்கிற தூரம்தான். அவன் மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து கத்தினான்:

"நொண்டி மாடு!"

ஊர் திருப்பிக் கத்தியது. டீக்கன் கத்தினார். ஈனாக் துணி சுற்றிய கைகளைத் தட்டப்போய், வலியில் "ஆ" என்றான், அப்படியும் கத்தினான். எலிஃபலெட் எறிந்த புட்டி வாசல் தூணில் பட்டு உடைந்து, ரம் அம்புக் குறியின் மூன்று வெட்டிலும் வழிந்து இறங்கியது.

பிறகு கூரைப் பலகைகளை மேலே கொடுக்க ஆரம்பித்தோம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பலகைகள். எல்லாம் மச்சிலிருந்து பெயர்த்தவை, எல்லாம் அகலப் பலகை. பாதி வேலையில் நான் பாதையை எட்டிப் பார்த்தேன். கேலப் தன் மாடுகளைப் பென்ஃபீல்ட் பக்கம் திருப்பியிருந்தான். தொழுவத்து வைக்கோலின் நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. பனியில் அவை நாலு காலிலும் ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தன.